கடலோரத்தில் குடியேறுமுன்...

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறும் வயது நெருங்கியதும் நம்மில் பலரை ஒரு விசித்திரமான ஆசை பிடித்துக்கொள்கிறது. அதுவரையில் வருஷத்துக்கு ஒரு முறை, காணும் பொங்கலன்று மெரீனாவில் சமுத்திரத்தைப் பார்த்துவிட்டுத் திருப்தியோடு வீடு திரும்பியவர்கள்தான். திடீரென்று ஒரு நாள், "சின்னதாக ஒரு வீடு போதும், ஸார், ஆனால் வாசலில் நின்றால் கடல் தெரிய வேண்டும்!" என்று பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்த நாலைந்து பேருக்குச் சமீப காலத்தில் இந்த ஆசை தரங்கம்பாடியின் மேல் விழுந்திருக்கிறது. நான் அந்தப் பக்கத்துக்காரன் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே, "அங்கே பார்க்க வேண்டிய இடங்கள் என்ன? வீடு வாங்கினால் எந்தத் தெருவில் வாங்கலாம்?" என்று இரண்டு கேள்விகளையும் ஒரே மூச்சில் கேட்கிறார்கள்.

வேறு ஊராக இருந்தால் இரண்டுக்கும் தனித் தனியே பதில் சொல்லவேண்டியிருக்கும். தஞ்சாவூரில் பெரிய கோவிலைப் பார்ப்பதற்கும் அங்கே வீட்டு வாடகை விசாரிப்பதற்கும் சம்பந்தமில்லை. தரங்கம்பாடி அப்படியல்ல. அங்கே பார்க்கத் தக்கவை என்று கைகாட்டப்படும் இடங்களெல்லாம், யாரோ ஒருவர் இந்தக் கடலோரத்தில் நிலைத்து வாழ்ந்துவிடலாம் என்று நம்பிக் கட்டியவை. ஆசைப்பட்டு வந்து, கட்டி, சில காலம் வாழ்ந்து, பிறகு போய்விட்டவர்களின் வீடுகளைத்தான் நாம் டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்க்கிறோம். குடியேற நினைப்பவர்கள் அவற்றைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது நல்லது. கட்டியவர் யார் என்று வழிகாட்டிகள் சொல்லிவிடுவார்கள். அவர் ஏன் போனார் என்பதை நாமாகத்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில், எப்போது வருவது? தை மாசியில் வராதீர்கள். அப்போது மழை ஓய்ந்து, வானம் கழுவிவிட்டாற்போல் இருக்கும். காற்று இதமாக வீசும். அலை சாதுவாக இருக்கும். அந்தப் பருவத்தில் பார்த்தால் யாருக்கும் அட்வான்ஸ் கொடுத்துவிடத்தான் தோன்றும். வாசம் செய்யப் போகிறவர்கள் ஒரு முறை அக்கினி நட்சத்திரத்திலும், ஒரு முறை ஐப்பசி கார்த்திகையிலும் வர வேண்டும். கார்த்திகையில் வாடைக்காற்று வீசும்போது கடலின் சத்தம் ராத்திரி முழுவதும் வீட்டுக்குள் இருக்கும். வங்காள விரிகுடாவில் புயல்சின்னம் என்று ரேடியோவில் சொன்னால், சென்னையில் இருப்பவர்கள் அதைச் செய்தியாகக் கேட்பார்கள். இங்கே உள்ளவர்கள் எழுந்துபோய் ஓட்டைப் பார்ப்பார்கள். கோடையில் வந்தால் இன்னொன்றும் தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன் பிடிக்கத் தடை உண்டு. படகுகள் கரையேறிக் கிடக்க, வலைகளைத் தைத்துக்கொண்டு ஊர் மெள்ள நகரும் அந்த இரண்டு மாதத்தில்தான் அதன் வரும்படி எங்கிருந்து வருகிறது என்பது வெளியூர்க்காரருக்குப் புரியும்.

தரங்கம்பாடிக் காற்றில் ஓசோன் அதிகம், அதனால் ஆயுள் கூடும் என்று ஒரு பேச்சு உலவுகிறது. இதைச் சொல்லியே மனைகள் விற்கிறவர்களும் உண்டு. ஓசோன் அதிகமாக இருந்தால் நுரையீரலுக்குக் கெடுதல் என்றுதான் வைத்தியர்கள் சொல்கிறார்கள். இங்கே நிச்சயமாக அதிகம் இருப்பது உப்பு. ஜன்னல் கம்பி, பூட்டு, கடிகாரம், சைக்கிள், குளிர்சாதனப் பெட்டி எல்லாவற்றையும் அது தின்னும்.

ஊர்ப் பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'அலைகள் பாடும் ஊர்' என்று பெயருக்கு அர்த்தம் சொல்லி வருகிறவர்களைப் பரவசப்படுத்துவார்கள். தரங்கம் என்றால் அலை என்பது சரிதான். ஆனால் 'பாடி' என்பதற்கும் பாட்டுக்கும் சம்பந்தமில்லை. வேளச்சேரிப் பக்கம் தரமணி இருக்கிறது, அண்ணா நகர்ப் பக்கம் பாடி இருக்கிறது. அங்கே எந்த அலை பாடுகிறது? பாடி என்றால் குடியிருப்பு. கல்வெட்டில் இந்த ஊர் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் குறிக்கப்பட்டிருக்கிறது. குடியேறியவர்களின் ஊர் என்பது பெயரிலேயே இருக்கிறது.

அந்தக் கல்வெட்டு மாசிலாமணி நாதர் கோவிலில் உள்ளது. வருகிறவர்கள் எல்லோரும் டேனிஷ் கோட்டைக்கு முதலில் ஓடுகிறார்கள். நான் கோவிலுக்குத்தான் முதலில் அழைத்துப் போவேன். கோட்டைக்கு வடக்கே, கடலோரமாகவே நடந்தால் வந்துவிடும். பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில், 1306-ஐ ஒட்டிக் கட்டப்பட்டது. கோட்டையைவிட முந்நூறு வருஷம் மூத்தது. கட்டிய நாளில் அது அலையின் விளிம்பில் இருந்திருக்க முடியாது. பாண்டிய ராஜாவின் ஸ்தபதிகள் மண் பார்க்கத் தெரியாதவர்கள் அல்ல. முன்னால் கொஞ்சம் மனையும் மணலும் தாராளமாக விட்டுத்தான் கட்டியிருப்பார்கள். கடல் அந்த மணலைத் தின்று, மனையைத் தின்று, கோவிலின் பெரும்பகுதியையும் தின்றுவிட்டது. கருங்கல்லைக் கொட்டி அலையைத் தடுத்து நிறுத்தியதால்தான் மிச்சம் மிஞ்சியிருக்கிறது. எந்தப் பொறியியல் நிபுணரையும் கூப்பிட வேண்டாம். அந்தக் கற்களின் மேல் நின்று கோவிலையும் கடலையும் மாறி மாறிப் பாருங்கள். எழுநூறு வருஷத்துக் கணக்குப் புத்தகம் அங்கே விரித்து வைத்திருக்கிறது.

சென்னையிலிருந்து வந்த ஒரு சிநேகிதர், அந்த இடத்தில் வலை உலர்த்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம், "இங்கேயிருந்து கடல் எத்தனை அடி தூரம் இருக்கும், பெரியவரே?" என்று கேட்டார். அவர் நிமிர்ந்து பார்த்து, "எந்த மாசத்துல கேக்குறீங்க, ஐயா?" என்றார். சிநேகிதர் சிரித்தார். பெரியவர் சிரிக்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

இனிக் கோட்டைக்குப் போகலாம்.

டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடிக்கு வந்த கதையே தவறிப்போன ஒரு பிரயாணத்தின் கதை. அவர்கள் புறப்பட்டது இலங்கைக்கு. கண்டி ராஜாவோடு உடன்படிக்கை செய்துகொண்டு போர்த்துகீசியரை எதிர்க்கலாம், மிளகு வியாபாரம் செய்யலாம் என்று திட்டம். 1618-ல் டென்மார்க்கிலிருந்து கிளம்பிய கப்பல்களுக்கு ஊவே யெத்தே என்ற இருபத்து நாலு வயதுப் பிரபு தலைவர். வழியிலேயே வியாதியில் பாதிப் பேர் போய்விட்டார்கள். இலங்கைக் காரியமும் பலிக்கவில்லை. அவருக்கு முன்னதாகவே அனுப்பப்பட்ட கப்பலொன்றை 1619-ல் காரைக்காலுக்கு எதிரே போர்த்துகீசியர் தாக்கி மூழ்கடித்தார்கள். அதிலிருந்து தப்பிக் கரையேறிய சிலரில் ரோலண்டு கிராப்பே என்பவர் ஒருவர். பிடிபட்ட அவரைத் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் கொண்டுபோனார்கள். இசையிலும் இலக்கியத்திலும் மூழ்கியிருந்தாலும் நாயக்கர் காரியத்தில் கண்ணுள்ள மனிதர். போர்த்துகீசியருக்குப் போட்டியாக இன்னொரு வெள்ளைக்காரன் இருந்தால் தம் துறைமுகத்துக்கு நல்லதுதான் என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும். கப்பல் உடைந்து கரை ஒதுங்கியவனைத் தூதனாக்கினார். 1620 நவம்பரில் உடன்படிக்கை முடிந்தது. நாயக்கர் டென்மார்க் ராஜாவுக்குத் தங்கத் தகட்டில் பொறித்து அனுப்பிய ஓலை இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் களரியில் இருக்கிறது.

கோட்டைக்கு டான்ஸ்பர்க் என்று பெயர். கீழ்த்தளம் கிடங்கும், மருந்து அறையும், சிறையும். மேல்தளத்தில் கவர்னரும் பாதிரியாரும் வியாபாரிகளும் வசித்தார்கள். மேலே போனால் ஒட்டகத் திமில் போலக் குவிந்த நான்கு விதானங்களின் பாரத்தை நடுவில் ஒரே தூண் தாங்கி நிற்பதைப் பார்க்கலாம். 1978 வரையில் இது சர்க்கார் அதிகாரிகள் தங்கும் பங்களாவாக இருந்தது; பிறகு தொல்லியல் துறை எடுத்துக்கொண்டு, 1979-ல் அருங்காட்சியகம் வைத்தது. பீங்கான், வாள், பத்திரங்கள் எல்லாம் அங்கே வைத்திருக்கிறார்கள். அவற்றைப் பார்த்து முடித்ததும் கடல் பக்கத்து மதில் மேல் போய் நில்லுங்கள். இந்தக் கோட்டையின் சரித்திரத்தில் என் மனத்தைப் பிடித்த மனிதர் ஒருவர் இந்த மதிலிலிருந்து எத்தனை வருஷம் கடலைப் பார்த்திருப்பார் என்று எண்ணிப் பார்க்கலாம்.

அவர் பெயர் எஸ்கில் ஆண்டர்சன் கொங்ஸ்பக்கே. பிரபுவுமல்ல, வியாபாரியுமல்ல. படிப்பு அதிகமில்லாத சாதாரணச் சிப்பாய். டென்மார்க்கில் யுத்தம், கம்பெனி நஷ்டம் என்று பல தொல்லைகள். 1639-ல் புறப்பட்ட கப்பலுக்குப் பிறகு 29 வருஷ காலம் அங்கிருந்து தரங்கம்பாடிக்கு ஒரு கப்பல்கூடக் கிளம்பவில்லை. கம்பெனியையே 1650-ல் கலைத்துவிட்டார்கள். இங்கே இருந்தவர்களுக்கு அதைப் பற்றிக் கடிதம் போடக்கூட ஆள் இல்லை! ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் இறந்தார்கள். 1655-ல் கொங்ஸ்பக்கேயின் கைக்கு அதிகாரம் வந்தது. கடைசியில் கோட்டையில் மிஞ்சிய டேனிஷ்காரர் அவர் ஒருவரே என்று சொல்கிறார்கள்.

வேறொருவராக இருந்தால் கோட்டையை டச்சுக்காரருக்கோ போர்த்துகீசியருக்கோ விற்றுவிட்டுக் கிடைத்த பணத்தோடு நடையைக் கட்டியிருப்பார். இந்த மனிதர் உள்ளூர் ஜனங்களையும் போர்த்துகீசிய வம்சத்தவரையும் சேர்த்துக்கொண்டு கோட்டையில் டென்மார்க் கொடியைப் பறக்கவிட்டார். குத்தகைப் பணம் கட்டவில்லை என்று நாயக்கர் படை வந்து முற்றுகை போட்டது. பல தடவை வந்தது. ஒவ்வொரு தடவையும் சமாளித்தார். வங்கக் கடலில் போன கப்பல்களைப் பிடித்து, அந்தப் பணத்தில் கோட்டையைப் பழுது பார்த்தார். சுத்தமான பாஷையில் சொன்னால் அது கொள்ளைதான். அதே பணத்தில் ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார். வீடும் கடையும் கோவிலும் மசூதியும் அதற்குள் வந்தன. அந்த மதிலுக்குப் பிறகுதான் தரங்கம்பாடி ஒரு நகரமாயிற்று என்று சொல்ல வேண்டும்.

1669-ல் ஒரு நாள் கடலில் டேனிஷ் கொடியோடு ஒரு கப்பல் தெரிந்தது. கோபன்ஹேகனில் எப்படியோ செய்தி எட்டி, இன்னும் நம் கொடி அங்கே பறக்கிறதாமே என்று ஆச்சரியப்பட்டு அனுப்பிய கப்பல். வந்தவர்கள் கொங்ஸ்பக்கேயை முறைப்படி கவர்னராக நியமித்தார்கள். நாவல் எழுதுகிறவனுக்கு இந்த இடத்தில் கை துறுதுறுக்கும். ஆனால் அவர் என்ன நினைத்தார், வந்தவர்களோடு தம் தாய்பாஷையில் பேசும்போது நாக்குத் தடுமாறியதா என்றெல்லாம் சரித்திரத்தில் இல்லை. அவர் திரும்பிப் போகவில்லை என்பதுதான் நிச்சயம். ஊர் திரும்பக் கப்பல் வந்து நின்ற பிறகும் இங்கேயே இருந்து இங்கேயே இறந்தார். அவர் எழுப்பிய மதிலின் கடல் பக்கத்துப் பாகத்தைத் தேடாதீர்கள். அதுவும் கோவிலின் முன்பகுதி போன இடத்துக்கே போய்விட்டது.

கோட்டையை விட்டு வெளியே வந்தால் ராஜ வீதி. கிங் ஸ்ட்ரீட் என்று பலகை போட்டிருக்கும். மேற்குக் கோடியில் வெள்ளை வெளேரென்று நிற்கும் ஊர் வாசல் 1792-ல் கட்டியது. பஸ்ஸில் வருகிறவர்கள் அதன் வழியாகத்தான் உள்ளே நுழைகிறார்கள். கோட்டைக்கு எதிரே தூண் வரிசையோடு இருப்பது கவர்னர் பங்களா. கோட்டை அறைகளில் புழுங்கிய கவர்னர்கள் 1784-ல் இதற்கு ஜாகை மாற்றினார்கள். வீதியில் இரண்டு தேவாலயங்கள். சீயோன் கோவில் 1701-ல் கட்டியது. புதிய எருசலேம் ஆலயம் 1718-ல் பிரதிஷ்டை ஆயிற்று. இரண்டாவதில் பலிபீடத்துக்கு முன்னால் பர்த்தலோமேயு சீகன்பால்கு அடக்கமாகியிருக்கிறார்.

சீகன்பால்கைப் பற்றி நம் வாசகர்களுக்கு ஓரளவு தெரிந்திருக்கும். 1706 ஜூலை 9-ல் வந்து இறங்கினார். ஜெர்மானியர், டென்மார்க் ராஜா அனுப்பியவர். ராஜாவே அனுப்பியிருந்தும் கவர்னர் அவரை வரவேற்கவில்லை. வெயிலில் நிற்க வைத்தார். பின்னால், 1708-ல், கோட்டையிலேயே நான்கு மாதம் சிறை வைத்தார். மதப் பிரசாரத்தைப் பற்றி அவரவருக்கு அவரவர் அபிப்பிராயம் இருக்கலாம். அதை இங்கே பேச நான் வரவில்லை. ஒரு புது ஊருக்கு வருகிறவன் செய்ய வேண்டிய முதல் காரியம் எது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்காகவே அவரை இங்கே இழுக்கிறேன்.

அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் நொண்டிப் போர்த்துகீசியத்தை வைத்துக்கொண்டு காரியத்தை நடத்திவிடுவார்கள். சீகன்பால்கு அதோடு திருப்திப்படவில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியாரையும் பிள்ளைகளையும் தம் இருப்பிடத்துக்கே வரவழைத்து, அந்தப் பிள்ளைகளுக்கு நடுவில் தாமும் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் 'அ' எழுதினார். ஏட்டுச்சுவடிகளாகத் தேடிச் சேர்த்தார். 1708-ல் தம்மிடமுள்ள தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு ஜாபிதாவே எழுதினார். தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி அவர் எழுதி 1713-ல் ஜெர்மனிக்கு அனுப்பிய புத்தகத்தை, இதற்காகவா உம்மை அனுப்பினோம் என்று அங்கே கிடப்பில் போட்டுவிட்டார்கள். அது சென்னையில் அச்சாக 1867 ஆயிற்று.

அச்சு என்றதும் இன்னொரு விஷயம். தரங்கம்பாடியில் தமிழ் அச்சுக்கூடம் நடந்து, 1715-ல் புதிய ஏற்பாடு தமிழில் வெளிவந்தது. ஜெர்மனியிலிருந்து வந்த எழுத்துக்கள் பூதாகாரமானவை. காகிதத்தை விழுங்கின. ஆகவே, பாலாடைக்கட்டி அடைத்து வந்த டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கிச் சின்ன எழுத்துக்களை இங்கேயே வார்த்தார்கள். காகிதமும் போதவில்லை, பக்கத்திலுள்ள பொறையாறில் காகிதம் செய்யும் ஆலை ஒன்றை ஏற்படுத்தினார்கள். ஆலை போய் வெகு காலமாயிற்று. அந்த இடத்துக்கு மட்டும் இன்னும் கடுதாசிப்பட்டறை என்று பெயர் இருக்கிறது. பொறையாறுக்குக் காய்கறி வாங்கப் போகும்போது, ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டு வாருங்கள். பார்க்க ஒன்றுமில்லை. தமிழ் எழுதிப் பிழைக்கிறவனாகையால் எனக்கு அங்கே நிற்கத் தோன்றுகிறது.

தேவாலய நிலத்திலும் பழைய கல்லறைத் தோட்டத்திலும் கற்களின் மேல் உள்ள வயதுகளைப் படித்துப் பாருங்கள். சீகன்பால்கு 1719-ல் இறந்தபோது வயது 36. இந்த ஊர்க் கணக்கில் அது நடுத்தர ஆயுள். அதைவிட மோசம் மொரேவியச் சகோதரர்கள் என்ற கூட்டத்தாரின் கதை. டேனிஷ்காரர்கள் 1756-ல் நிக்கோபார் தீவுகளைத் தங்களுடையவை என்று சொல்லிக் குடியேறப் பார்த்துக் காய்ச்சலில் மடிந்தார்கள். அந்தத் தீவுகளில் குடியேற இவர்கள் முன்வந்தார்கள். 1760-ல் தரங்கம்பாடிக்கு வந்து, பொறையாறுப் பக்கத்தில் தோட்டம் போட்டுத் தச்சு, தையல், நெசவு என்று கைத்தொழில் செய்து நன்றாகவே வாழ்ந்தார்கள். 1768-லிருந்து நிக்கோபாருக்கு ஆள் அனுப்பினார்கள். போனவர்கள் இறந்தார்கள், இறந்தவர்களின் இடத்துக்கு வேறு பேர் போனார்கள், அவர்களும் இறந்தார்கள். 1787-ல் கைவிட்டார்கள். கடலோரத்தில் ஓர் இடம் பச்சைப்பசேலென்று அழகாக இருந்துவிட்டால், அது நம்மை வாழவிடும் என்று நினைத்துக்கொள்வது மனித சுபாவம் போலிருக்கிறது.

தரங்கம்பாடிக்கு நல்ல காலமும் இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இங்கிலீஷ்காரரும் பிரெஞ்சுக்காரரும் சண்டை போட்டுக்கொண்டிருக்க, எந்தப் பக்கமும் சேராத டென்மார்க் கப்பல்களில் எல்லோருடைய சரக்கும் போயிற்று. பெரிய வீடுகள் அப்போது எழும்பின. லின்னேயஸின் மாணாக்கரான கோனிக் என்ற வைத்தியர் 1768-ல் வந்து செடி கொடிகளை ஆராய்ந்தார். நம் ஊர்ச் செம்புறா ஒன்றுக்கு விஞ்ஞானிகள் வைத்த லத்தீன் பெயரில் இன்றும் தரங்கம்பாடி ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிறகு 1808-ல் இங்கிலீஷ்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். 1815-ல் திருப்பிக் கொடுத்தபோது வியாபாரம் செத்துவிட்டது. 1845-ல் தரங்கம்பாடியையும் வங்காளத்திலுள்ள செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு இங்கிலீஷ் கம்பெனிக்கு டென்மார்க் விற்றுவிட்டது. கொங்ஸ்பக்கே பதினாலு வருஷம் காத்த ஊர்!

சுமார் பதினைந்து வருஷம் தஞ்சாவூர் ஜில்லாவின் கலெக்டர் இங்கே இருந்து ஆண்டார். நம் முதல் நாவலாசிரியர் வேதநாயகம் பிள்ளை முன்சீப் உத்தியோகம் பார்த்த ஊர்களில் இதுவும் ஒன்று. 1861-ல் நாகப்பட்டினத்துக்கும் தஞ்சாவூருக்கும் ரயில் போட்டதும் கப்பல்களெல்லாம் ரயில் இருக்கும் துறைக்குப் போய்விட்டன. நமக்கும் ஒரு ரயில் வந்தது, 1926-ல், மாயவரத்திலிருந்து. 1986-ல் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது மயிலாடுதுறையிலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டர் பஸ்ஸில்தான் வர வேண்டும். 2020-ல் மயிலாடுதுறை தனி ஜில்லாவாகிவிட்டதால் சர்க்கார் காரியங்களுக்கு நாகப்பட்டினம் வரை அலைவது மிச்சம்.

இனி, 2004 டிசம்பர் 26. இதைச் சொல்லாமல் இந்த ஊரைப் பற்றி எழுத முடியாது. நிறையச் சொல்லவும் மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை. இந்த ஊர் அப்போது சேர்ந்திருந்த நாகப்பட்டினம் ஜில்லாவில் 6000-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். தரங்கம்பாடியில் மாண்டவர்களில் மிகப் பலர் கடலோரத்து மீனவக் குடும்பத்தினர், அதிலும் பெண்களும் குழந்தைகளும். கோட்டை நின்றது. அதைப் பார்த்துப் பலர் வியந்து எழுதினார்கள். கோட்டைச் சுவரின் கனத்துக்கு அது நிற்காமல் என்ன செய்யும்? கீற்றுக் குடிசையும் ஓட்டு வீடும் நிற்கவில்லை.

இதற்குப் பின்னால் நடந்ததைத்தான் குடியேற வருகிற சிநேகிதர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். அலை ஏறும் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் புது வீடு கட்டக் கூடாது. அங்கே இருந்தவர்கள் மனையை விட்டுக்கொடுத்துவிட்டு உள்ளே தள்ளிப் போனால் புது வீடு கிடைக்கும் என்று 2005-ல் அரசாங்கம் வகுத்தது. உயிரைக் காப்பாற்றச் செய்த ஏற்பாடு. மீனவர்கள் யோசித்தார்கள். வாசலில் நின்று கடலின் நிறத்தைப் பார்த்து இன்று போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறவர்கள் அவர்கள். படகும் வலையும் கரையில் கிடக்க, கண்ணுக்கெட்டாத இடத்தில் எப்படிப் படுப்பது? இருந்தாலும் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் பயந்துதான் இருந்தார்கள். பலர் புதுக் குடியிருப்புகளுக்குப் போனார்கள். கடலைப் பார்த்தே ஆக வேண்டிய தொழிலுள்ளவர்கள் உள்ளே போன பிறகு, கடலைப் பார்த்தால் பொழுது போகும் என்கிறவர்கள் அந்தப் பக்கம் மனை விசாரிக்கிறார்கள். யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. ஆனால், "வாசலில் நின்றால் கடல் தெரிய வேண்டும்" என்று ஒருவர் உற்சாகமாகச் சொல்லும்போது, டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உள்ளூர்க்காரர் ஏன் ஒன்றும் பேசாமல் கிளாஸைக் கீழே வைக்கிறார் என்பதைத் தெரிந்துகொண்டு வருவது நல்லது.

அப்படியானால் வரவே வேண்டாமா என்று கேட்பீர்கள். வாருங்கள். நல்ல ஊர். திருக்கடையூர் அபிராமி பக்கத்தில் இருக்கிறாள். காரைக்கால் பதினைந்து கிலோமீட்டர். மீன் சாப்பிடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடமில்லை. உள்ளூர் ஜனங்கள் நானூறு வருஷமாகப் பல பாஷைக்காரர்களைப் பார்த்துப் பழகியவர்கள். புதிதாய் வந்தவனைப் பார்த்து முறைக்கமாட்டார்கள். ஆனால் கடல் தெரியும் வீட்டைக் கேட்காதீர்கள். ராஜ வீதிக்கு உட்புறம், பொற்கொல்லர் தெருப் பக்கம், திண்ணையும் தாழ்வாரமும் நாட்டு ஓடுமாகச் சில பழைய வீடுகள் இருக்கின்றன. சுனாமிக்குப் பிறகு அவற்றில் சிலவற்றைப் பழைய மாதிரியே செப்பனிட்டார்கள். சுவர் கனம், கூரை தாழ்வு, ஜன்னல் சின்னது, முற்றம் உள்ளே. 'வெளிச்சம் போதவில்லையே' என்று முதலில் தோன்றும். கட்டியவர்கள் வெளிச்சத்தை நினைத்துக் கட்டவில்லை, காற்றை நினைத்துக் கட்டினார்கள். அங்கேயிருந்து கடலுக்கு ஐந்து நிமிஷ நடை. காலையில் மீன் ஏலம் கூறும் நேரத்துக்குப் போய், திரும்பி வந்து காப்பி சாப்பிடலாம்.

வீடு பார்க்கப் போகும்போது தரகரைத் தனியே விட்டுவிட்டு, அந்தத் தெருவில் வயதான ஒரு அம்மாளிடம் இரண்டு விஷயம் விசாரியுங்கள். கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகுமா என்பது ஒன்று. 2004-ல் தண்ணீர் எதுவரையில் வந்தது என்பது இன்னொன்று. முதலாவதற்குத் தயங்காமல் பதில் வரும். இரண்டாவதற்கு அவள் வாயால் பதில் சொல்லமாட்டாள்; எழுந்து, உங்களைக் கூட்டிக்கொண்டுபோய், ஏதாவது ஒரு சுவரின் மேல் உள்ளங்கையை வைத்துக் காட்டுவாள்.